செயினுக்கு எண்ணெய் விடும் முன்

பைக் வைத்திருப்பவர்களிடம் செயின் பராமரிப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலோர் எண்ணெயைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த ஸ்ப்ரே நல்லது, 90 நம்பர் கியர் ஆயில் போதுமா, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை விட வேண்டும் என்று பேச்சு எண்ணெயில் தொடங்கி எண்ணெயிலேயே முடிந்துவிடும். துடைப்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒரு செயின் எத்தனை நாள் உழைக்கும் என்பதை எண்ணெயைவிடத் துடைப்புதான் முடிவு செய்கிறது என்பது தூத்துக்குடியில் பைக் ஓட்டி வரும் என் உறுதியான கருத்து. அதைக் காரணத்தோடு எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் ஊரைப்போல் செயினைப் படுத்தும் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு தாண்டிவிட்டால் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் வரும். உப்பு ஏற்றிய லாரிகளிலிருந்து சொட்டும் நீர் சாலையில் காய்ந்து வெள்ளைக் கோடாகக் கிடக்கும். போதாததற்குக் கடற்காற்று வேறு. இன்னும் தெற்கே போனால் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேடு. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசத் தொடங்கியதும் அந்தச் செம்மணல் பறந்து வந்து சாலையோரமெல்லாம் படியும். உப்பு இரும்பைத் துருவேற்றும். மணல் இரும்பை அரைக்கும். தேரி மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் துகள்கள், அவை சாதாரண எஃகைவிடக் கடினமானவை. செயின் முழுவதும் எண்ணெய் வழியவழிய இந்தச் சாலையில் ஒரு நாள் போய்வந்தால், அந்த எண்ணெய் மசகாக இருப்பதை விட்டுவிட்டு மணலைப் பிடித்துவைக்கும் பசையாக மாறியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்க, செயினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் செயினின் அடிப்படை அமைப்பு 1880-இல் உருவானது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் மான்செஸ்டர் பகுதியில் நெசவு இயந்திரங்களுக்கான செயின்களைச் செய்துவந்த ஹான்ஸ் ரெனால்ட் என்ற பொறியாளர், ஆணிக்கும் உருளைக்கும் நடுவே புஷ் எனப்படும் சிறு குழாயைச் சேர்த்தார். அதற்கு முன்பு மெல்லிய தகடுகளின் விளிம்பே ஆணியின்மேல் அழுந்தியதால் அந்த இடம் சீக்கிரம் அறுத்துக்கொண்டு போனது. புஷ் வந்தபின் பளு ஆணியின் நீளம் முழுவதும் பரவியது. ஒரு கண்ணியை எடுத்துப் பார்த்தால் வெளித்தகடு இரண்டு, உள்தகடு இரண்டு, வெளித்தகடுகளை இணைக்கும் ஆணி, உள்தகடுகளோடு இறுகிய புஷ், அந்தப் புஷ்ஷின்மேல் சுழலும் உருளை என்று எல்லாம் அடங்கிவிடும். நம் கண்ணுக்குத் தெரிவது உருளையும் தகடுகளும்தான். ஆனால் செயினின் உண்மையான தேய்மானம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நடக்கிறது; கண்ணி ஒவ்வொரு முறை ஸ்ப்ராக்கெட் என்னும் பற்சக்கரத்தில் ஏறி மடங்கும்போதும், இறங்கி நிமிரும்போதும் அங்கேதான் உராய்வு.

இந்தத் தேய்மானத்தைக் கணக்காகப் பார்த்தால் அதன் வேகம் புரியும். நம் ஊரில் ஓடும் 100 முதல் 160 சிசி வரையிலான பைக்குகளில் பெரும்பாலும் 428 என்ற அளவுள்ள செயின் இருக்கும். அந்த எண்ணின் முதல் இலக்கமான 4, ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையம் வரை எட்டில் நான்கு அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. ஒரு செயினில் சுமார் 120 கண்ணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கண்ணியிலும் 0.1 மில்லிமீட்டர், சாதாரணக் காகிதம் ஒன்றின் கனம் மட்டுமே தேய்ந்திருந்தாலும் மொத்தச் செயின் 12 மில்லிமீட்டர் நீண்டுவிடும். செயின் நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்லும்போது எஃகுத் தகடு ரப்பர்போல் இழுபட்டதாக நினைத்துக்கொள்கிறோம். தகடு இழுபடுவதே இல்லை. 120 இடங்களில் ஆணியும் புஷ்ஷும் தேய்ந்த இடைவெளி ஒன்றுசேர்ந்துதான் அந்த நீளமாகத் தெரிகிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு மணல் துகள் புகுந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதையொட்டி ஒரு நல்ல ஆய்வு உண்டு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் என்ற பேராசிரியரின் குழு சைக்கிள் செயின்களை ஆய்வுக்கூடத்தில் ஓட்டி, எங்கே எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்பதை அகச்சிவப்புக் கேமராவால் அளந்து, முடிவுகளை 1999-இல் வெளியிட்டது. மிக நல்ல நிலையில் செயின் 98.6 சதவீதத் திறனோடு வேலை செய்தது. அதைவிட வியப்பான முடிவு, எண்ணெய் இட்ட செயினுக்கும் எண்ணெய் நீக்கிய செயினுக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பது. தூசியே இல்லாத கூடத்தில் கிடைத்த முடிவு இது. எண்ணெயின் முக்கிய வேலை செயினுக்குள் இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு அழுக்கை உள்ளே விடாமல் தடுப்பதுதான் என்று ஸ்பைசர் விளக்கம் சொன்னார். சைக்கிளைவிடப் பல மடங்கு விசையும் வேகமும் தாங்க வேண்டிய மோட்டார் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் இல்லாமல் ஓடுவது கட்டாயம் கேடுதான். வெப்பமும் துருவும் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். ஆனாலும் எண்ணெயை அழுக்குக்கு எதிரான காவலாகப் பார்க்கும் அந்தப் பார்வை எனக்கு மிகவும் உதவியது. காவலாக இருக்க வேண்டிய எண்ணெயே அழுக்கைச் சுமந்துகொண்டு நின்றால், அதன்மேல் புது எண்ணெய் விடுவதில் எந்தப் பயனும் இல்லை. மேலேயிருக்கும் மணலை உள்ளே கழுவிவிடுகிறோம், அவ்வளவுதான்.

சற்றுப் பெரிய பைக்குகளிலும், இப்போது வரும் பல 150 சிசி பைக்குகளிலும் ஓ-ரிங் செயின் வருகிறது. உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே கூர்ந்து பார்த்தால் மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி, அது வெளியே போகாமலும் மண் உள்ளே வராமலும் இருக்க அந்த வளையத்தை வைத்து மூடியிருப்பார்கள். நாம் வெளியே விடும் எண்ணெய் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சேராது. அப்படியானால் எண்ணெய் எதற்கு என்றால், வளையங்கள் காய்ந்து வெடிக்காமல் இருக்க, உருளை ஸ்ப்ராக்கெட்டோடு மோதும் இடம் வறண்டுபோகாமல் இருக்க, தகடுகள் துருப்பிடிக்காமல் இருக்க. இதற்கு மெல்லிய ஒரு படலம் தாராளமாகப் போதும். ஓ-ரிங் செயின் வைத்திருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த வளையத்தைத்தான். வளையம் கிழிந்த கண்ணியில் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி அங்கே மண் குடியேறிவிடும். பிறகு அந்த ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் விறைத்து நிற்கும்.

அதனால் சில பழக்கங்களை அடியோடு விட வேண்டும் என்பேன். பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது அதில் முதலாவது. அது ரப்பரைக் கெடுக்கும், சாதாரண செயினின் உள்ளே இருக்கும் கொஞ்ச எண்ணெயையும் முழுதாகக் கரைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சூடாக இருக்கும் சைலன்சருக்குப் பக்கத்தில் திறந்த பெட்ரோலை வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது உயிரோடு விளையாடுவது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் செயின் பளபளவென்று ஆகும், வளையங்கள் கிழிந்திருக்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் செயினுக்கு நேராகப் பிடித்தால் நீர் வளையத்தைத் தாண்டி உள்ளே ஏறிவிடும். கழுவி முடித்தபின் அடிப்பகுதி முழுவதும் டீசல் கலந்த ஆயிலை அடித்துவிடுவதும் நம் ஊர் வழக்கம், அது காய்வதற்குள் வீடு வந்து சேரும் வழியிலேயே தூசியைப் பிடித்துக்கொள்கிறது. செயினுக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பழைய இன்ஜின் ஆயில் தனியே சொல்ல வேண்டிய ஒன்று. ஆயில் மாற்றும்போது இறக்கிய கறுப்பு எண்ணெயை அப்படியே செயினில் ஊற்றும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. செயின் முழுவதும் மூடிய உறைக்குள் ஓடும் பழைய மாடல் பைக்குகளில் மண் படுவது குறைவு என்பதால் இது பெரிய பாதிப்பாகத் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் அந்த எண்ணெயைக் கறுப்பாக்குவதே கரியும் இன்ஜினுக்குள் தேய்ந்த நுண்ணிய உலோகத் துகள்களும்தான். இன்ஜினுக்கு ஆகாது என்று வெளியேற்றிய அழுக்கைச் செயினின் புஷ்ஷுக்குள் அனுப்புவதில் நியாயம் எதுவும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பைக்கை நடு ஸ்டாண்டில் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் வைத்துப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொள்ள வேண்டும். நடு ஸ்டாண்ட் இல்லாத பைக் என்றால் பட்டறைகளில் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்ட் இருக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் பைக்கை அரையடி அரையடியாக உருட்டி உருட்டி வேலை பார்க்கலாம், நேரம்தான் கூடும். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் செயின் தானாகச் சுற்றும்போது துணியைப் பிடிப்பதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது. துணியின் ஒரு நூல் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் கையை விடுவிக்க நேரமே இருக்காது. இதில் விரல் நுனியை இழந்தவர்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

கழுவ மண்ணெண்ணெய் சிறந்தது. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், ஓ-ரிங் ரப்பரைப் பெட்ரோல்போல் பாதிக்காது. இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பது அருகிவிட்டதால், செயின் கழுவ என்றே விற்கும் ஸ்ப்ரேக்களை வாங்கலாம், ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருந்தால் போதும். செயினின் கீழ்ப்பாதிக்கு அடியில் ஒரு பழைய தட்டை வைத்துக்கொண்டு, முடி மெத்தென்று இருக்கும் பிரஷ்ஷை நனைத்து, நான்கு பக்கமும் தேய்க்க வேண்டும். மேல்பக்கமும் வெளிப்பக்கமும் எல்லோரும் தேய்ப்பார்கள். சக்கரத்தைப் பார்த்த உள்பக்கமும், இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சந்தும்தான் விட்டுப்போகும். அழுக்கு அதிகம் இருப்பதும் அங்கேதான்.

துடைக்க, பட்டறைகளில் வைத்திருக்கும் பனியன் வேஸ்டைவிட நல்ல பொருள் கிடையாது. திருப்பூர் கம்பெனிகளில் வெட்டியதுபோக மிஞ்சிய பருத்தித் துண்டுகள் கிலோ கணக்கில் விற்கின்றன. நன்றாக உறிஞ்சும், வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுத்தால் அழுக்கின் நிறமும் தெரியும். செயினைத் துணியால் முழுதாகப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைப் பின்னோக்கி மெல்லச் சுற்ற வேண்டும். முதல் துணி தார்போலக் கறுப்பாக வரும். அந்தக் கறுப்பைக் கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று உறுத்தும். கீழே வைத்த தட்டைச் சாய்த்தால் மண்ணெண்ணெய்க்கு அடியில் செந்நிறத் துகள்கள் வண்டலாக நகரும், எங்கள் பக்கம் தேரிக்காட்டு வழியாகப் போய்வந்த பைக் என்றால் அந்தச் சிவப்பு இன்னும் தூக்கலாக இருக்கும். துணியை மாற்றி மாற்றித் துடைக்கும்போது கறுப்பு பழுப்பாகி, பழுப்பு சாம்பல் நிறமாகி, விரலில் நறநறப்பு நின்றால் முதல் வேலை முடிந்தது.

பெரும்பாலோர் திறந்தே பார்க்காத இடம் ஒன்று உண்டு. முன்பக்க ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் கவரை, அதற்கு இரண்டு மூன்று போல்ட்டுகள்தான் இருக்கும், கழற்றினால் உள்ளே எண்ணெயும் மணலும் சேர்ந்து இறுகி விரல் கனத்துக்கு அப்பியிருக்கும். செயின் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு சுற்று சுற்றி இங்கே வரும்போது அந்த மணலை மறுபடி எடுத்துக்கொண்டு போகும். மழுங்கிய ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட வேண்டும். பக்கத்தில் இருக்கும் நியூட்ரல் சுவிட்ச் ஒயரும், ஆயில் சீலும் கீறுபடாமல் பார்த்துக்கொள்வது அவசியம். இந்தக் கவரைக் கழற்றாமல் செய்யும் செயின் சர்வீஸை நான் பாதி வேலையாகத்தான் மதிப்பேன்.

துடைத்தபின் உடனே எண்ணெய் விடக் கூடாது. சாதாரண செயினின் புஷ்ஷுக்குள் மண்ணெண்ணெய் தங்கியிருக்கும். அது போகாமல் எண்ணெய் விட்டால் எண்ணெய் நீர்த்து ஒழுகிவிடும். அரை மணி நேரமாவது விட்டு, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்கலாம். பிறகு எண்ணெய். சாதாரண செயின் என்றால் 90 கியர் ஆயில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. கீழ்ப்பாதிச் செயினின் உள்பக்கத்தில், உள்தகடும் வெளித்தகடும் சேரும் சந்தில், ஒரு கண்ணிக்கு ஒரு துளி வீதம் இரண்டு ஓரங்களிலும் விட வேண்டும். உள்பக்கத்தில் விடுவதற்குக் காரணம், செயின் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றும் வேகத்தில் எண்ணெய் வெளிநோக்கித் தள்ளப்படும். உள்ளே விட்டால் கண்ணி வழியாக ஊடுருவி வெளியே வரும், வெளியே விட்டால் நேராக ரிம்மில் தெறித்துவிடும். ஓ-ரிங் செயினுக்கு அதற்கென்றே வரும் ஸ்ப்ரேயை மெல்லியதாக அடித்தால் போதும். அதில் கலந்திருக்கும் கரைப்பான் எண்ணெயைச் சந்துகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஆவியாகும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். காலையில் கிளம்பும் அவசரத்தில் அடித்துவிட்டு ஓட்டுவதைவிட, மாலையில் வண்டியை நிறுத்தியதும் செயின் இளஞ்சூடாக இருக்கும்போது அடித்து இரவு முழுக்க விட்டுவிடுவது நல்லது. டபிள்யூடி-40 பலர் வீட்டில் இருக்கும். 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட அந்தத் திரவம் மிகவும் நீர்த்தது, செயினில் மசகாக நிலைக்காது.

எண்ணெய் விட்டபின் மறுபடியும் துடைக்க வேண்டும் என்று சொன்னால் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. விலை கொடுத்து வாங்கியதைத் துணியில் எடுப்பதா என்று தோன்றும். எங்கள் பகுதியில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, இவ்வளவு தொடைச்சா எண்ணெய் என்ன மிஞ்சும்?" என்று கேட்டபோது, "உள்ள போனதுதான் தம்பி எண்ணெய். வெளிய நிக்கது மண்ணு புடிக்கத்தான் நிக்கி" என்றார். வெளித்தகடுகள் கையில் லேசாக வழுக்கினால் போதும், விரலில் எண்ணெய் ஒட்டி வரக் கூடாது.

எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்பதற்குப் பல கம்பெனிகள் தங்கள் கையேட்டில் 500 கிலோமீட்டரை ஒட்டிய கணக்கைத்தான் தருகின்றன. எங்கள் ஊர்ச் சாலைகளுக்கும், ஐப்பசி கார்த்திகை மழைக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. மழையில் நனைந்த செயினை அன்றிரவே துடைத்து லேசாக எண்ணெய் விட வேண்டும், உப்பளச் சாலையில் தேங்கிய நீரில் ஓட்டியிருந்தால் முதலில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

செயினின் தளர்ச்சியையும் இதே கையோடு பார்த்துவிடலாம். கீழ்ப்பாதியின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் எவ்வளவு ஆட வேண்டும் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். சிறிய பைக்குகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர். சக்கரத்தைச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தை வைத்துத்தான் அளவு எடுக்க வேண்டும், ஏனென்றால் தேய்மானம் எல்லாக் கண்ணியிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. சத்தம் வரக் கூடாது என்று கிண்ணென்று இறுக்கிவிடுவது லூசாக விடுவதைவிடக் கெடுதல். ஆள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் மேலே எழும், அப்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடும்; அதற்கு இடம் இல்லாவிட்டால் அந்த விசை முழுவதும் கியர்பாக்ஸ் பேரிங்கில்தான் இறங்கும். இறுக்கும்போது இருபக்க அட்ஜஸ்டர்களும் ஒரே கோட்டுக்கு வர வேண்டும். பின்னால் டிரம் பிரேக் உள்ள பைக்கில் சக்கரம் நகர்ந்ததும் பிரேக் ராடின் அளவும் மாறிவிடும், அதையும் சரிபார்க்காமல் சாலையில் இறங்கக் கூடாது.

எவ்வளவு பேணினாலும் செயின் ஒருநாள் தேய்ந்துதான் தீரும். 428 செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி நீளத்தை அளந்தால் புதிதில் 254 மில்லிமீட்டர் வரும். அது 259-ஐ நெருங்கிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ஸ்கேல் கையில் இல்லையென்றால், பின்பக்க ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், பல்லில் பாதி வெளியே தெரிந்தால் அதே முடிவுதான். பற்கள் அரிவாள் மூக்குபோல் ஒரு பக்கம் வளைந்திருந்தால் செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்துச் செட்டாகவே மாற்ற வேண்டும், தேய்ந்த பல்லில் போட்ட புதுச் செயின் சீக்கிரமே அந்தப் பல்லுக்கு ஏற்பத் தேய்ந்துவிடும். நல்ல செட்டுக்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. ரோலான் செயின் கோயம்புத்தூரின் எல்ஜிபி நிறுவனத்துடையது, டயமண்ட் செயின் சென்னை டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் (டிஐ) நிறுவனத்துடையது, இரண்டும் நம் மாநிலத்தவை. மாட்டும்போது, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பை மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியும், பிளந்த முனை பின்னாலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஏதாவது உரசிக் கிளிப் கழன்றுவிடும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் இடம்கொடுத்து உட்காரும் என்பதால், அதற்குள் தளர்ச்சியை இன்னொரு முறை பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.